பந்து விழுந்த இடமா, கரை கடந்த இடமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் ஆட்டத்தை அறிமுகப்படுத்தி வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் அதில் ஒரு வரி திருத்தப்பட வேண்டும். பந்து குளத்தில் விழுந்தால், விழுந்த இடத்துக்கு நேரே கரையில் இரண்டு கிளப் (ஆடும் மட்டை) நீளத்துக்குள் போட்டு, ஒரு ஸ்ட்ரோக் (அடி) தண்டனையோடு ஆட்டத்தைத் தொடரலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் போட்டியில் இறங்குபவருக்கு ஒரு ஸ்ட்ரோக்கோடு போக வேண்டியது மூன்றாக முடியலாம். தவறான இடத்திலிருந்து ஆடினால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறையில் மேலும் இரண்டு சேரும்.

தண்ணீர் எங்கே தெறித்தது என்பது விதியின் கணக்கிலேயே கிடையாது. பந்து பெனால்டி ஏரியாவின் (குளம், ஓடை போன்ற தண்டனைப் பகுதியின்) எல்லையைக் கடைசியாக எங்கே கடந்தது என்பதுதான் கணக்கு. இடது கரையை ஒட்டி உள்ளே நுழைந்த பந்து, வளைந்து பறந்து எண்பது கெஜம் தள்ளி நடுக்குளத்தில் விழலாம். அது விழுந்த இடத்துக்கு நேரே போய் நின்றால் அந்த எண்பது கெஜமும் இலவசமாகக் கிடைத்துவிடும். கடந்த புள்ளியை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது, விதியும் அதைக் கேட்பதில்லை. நேர்மையாக, கிடைத்த தகவலையெல்லாம் வைத்து நியாயமாகக் கணித்திருந்தால், பிறகு வீடியோவில் வேறு இடம் தெரிந்தாலும் தண்டனை இல்லை.

அடுத்தது அந்த எல்லையைக் காட்டும் குச்சிகளின் நிறம். இரண்டு கிளப் நீளம் என்ற வழி சிவப்புக் குச்சியோ சிவப்புக் கோடோ உள்ள இடத்தில் மட்டும்தான். மஞ்சள் என்றால் வழிகள் இரண்டே: முன்பு ஆடிய இடத்துக்கே திரும்பிப் போய் ஆடலாம், இல்லையேல் கோட்டில் பின்னால் போகலாம். இந்தக் கோட்டில்தான் பலர் தவறுகிறார்கள். பந்து பறந்து வந்த பாதை அல்ல அது. குழியிலிருந்து பந்து கரை கடந்த புள்ளி வழியாகப் பின்னோக்கி நீளும் நேர்கோடு. அந்தக் கோட்டின் மேல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். பந்தைக் கோட்டின் மேலேயே போட வேண்டும். அது தரையைத் தொட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கமும் ஒரு கிளப் நீளத்துக்குள் நின்றால் சரி, சற்று முன்னால் உருண்டிருந்தாலும் சரி. இது 2023 முதல் உள்ள முறை. 2019-இல் வந்த புத்தகத்தை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு) முன்னால் குளம் இருக்கும்போதுதான் உறைக்கும். பந்து தண்ணீரைத் தாண்டி அக்கரையில் விழுந்து, சரிவில் பின்னோக்கி உருண்டு குளத்தில் இறங்குகிறது. கடைசியாகக் கடந்த புள்ளி கிரீன் பக்கத்துக் கரையில் இருக்கிறது. சிவப்பு என்றால், குழிக்கு அருகில் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் இடம் கிடைக்குமானால் அங்கேயே போடலாம். மஞ்சள் என்றால் இக்கரைக்கு வந்து, மறுபடி தண்ணீரைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும்.

கிளப் நீளம் என்பது பையில் பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பை) தவிர மிக நீளமான கிளப்பின் நீளம். பெரும்பாலும் அது தொலைதூரம் அடிக்கும் டிரைவர். 45 அங்குல டிரைவர் என்றால் இரண்டு நீளம் 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. கடந்த புள்ளியில் ஒரு டீயை (பந்து வைக்கும் சிறு முளையை) குத்திவிட்டு அளந்தால் வாக்குவாதம் வராது. பந்தை ஆடுபவர்தான் போட வேண்டும், பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி போடக்கூடாது. நின்ற நிலையில் முழங்கால் இருக்கும் உயரத்திலிருந்து, சுழற்றாமல், எறியாமல், நேராகக் கைவிட வேண்டும். 1984-க்கு முன் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார்கள், அதன்பின் 2018 வரை தோள் உயரம். பழக்கம் கையை விடாது: முழங்கால் விதி வந்த 2019-இலேயே மெக்சிகோவில் நடந்த போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ரிக்கி ஃபவுலர் தோள் உயரத்திலிருந்து போட்டு ஆடி, ஒரு ஸ்ட்ரோக் தண்டனை பெற்றார். ஆடுவதற்கு முன் கவனித்திருந்தால் தண்டனையின்றி மறுபடி போட்டிருக்கலாம்.

சரியாகப் போட்ட பந்து, அளந்த கிளப் நீள எல்லைக்குள் விழுந்து வெளியே உருண்டால் இரண்டாம் முறை போட வேண்டும். அதுவும் உருண்டால், இரண்டாம் முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வைக்க வேண்டும். மூன்றாம் முறை போடுவது கிடையாது. சரிவான கரைகளில் இது அடிக்கடி நேரும். வைத்த பந்து அசையாமல் நின்றுவிட்டு, பிறகு தானாக உருண்டு தண்ணீருக்குள் போனால்? அதே ஃபவுலருக்கு அதே ஆண்டு ஃபீனிக்ஸ் ஓப்பனின் கடைசிச் சுற்றில், 11-ஆவது குழியில் இது நடந்தது. பந்தை வைத்துவிட்டு கிரீனைப் பார்க்கப் போனார், பந்து மெல்ல உருண்டு குளத்தில் இறங்கியது. இன்னொரு ஸ்ட்ரோக் தண்டனை சேர்ந்து, அந்தக் குழியில் 7 எடுத்தார். போட்டியை அவர்தான் வென்றார் என்பது வேறு விஷயம். 2023-இல் இந்த விதியை மாற்றிவிட்டார்கள். கீழே போட்டபின்போ கையால் வைத்தபின்போ அசையாமல் நின்ற பந்து தானாகப் பெனால்டி ஏரியாவுக்குள் நகர்ந்தால், தண்டனையின்றிப் பழைய இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். எனக்கு நியாயமாகவே படுகிறது.

வழிகளை ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பதற்கு 2013 மாஸ்டர்ஸ் போட்டியைவிட நல்ல சான்று இல்லை. 15-ஆவது குழியில் டைகர் உட்ஸ் அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டுத் தெறித்துக் குளத்தில் விழுந்தது. முன்பு ஆடிய இடத்துக்கே திரும்பும் வழியை அவர் எடுத்தார். ஆனால் அந்த இடத்திலிருந்து இரண்டு கெஜம் பின்னால் போட்டதாக அவரே பேட்டியில் சொன்னார். பின்னால் போகும் உரிமை கோட்டில் செல்லும் வழிக்கு மட்டுமே உண்டு. பந்து தெறித்து வேறிடத்தில் கரையைக் கடந்ததால் அந்தக் கோடே வேறு. இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை சேர்ந்து அந்தக் குழியில் அவரது கணக்கு 6-இலிருந்து 8 ஆனது. இன்றைய விதி முன்பு ஆடிய இடத்திலிருந்து ஒரு கிளப் நீளம் இடம் தருகிறது. இரண்டு கெஜம் என்பது 72 அங்குலம். 45 அங்குல டிரைவரை வைத்து அளந்தால் இன்றும் அது தவறுதான்.

நம் ஊர் மைதானங்களில் ஆடுபவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையும் வடிகாலும் பெனால்டி ஏரியாதான். குச்சி நடவில்லை என்றாலும் அதைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும். பந்து அடிக்கும்படி கிடந்தால் தண்டனையின்றி உள்ளே நின்றே ஆடலாம், 2019 முதல் கிளப்பைத் தரையில் ஊன்றவும் தடையில்லை. மாறாக, மழை பெய்து ஃபேர்வேயில் (கிரீனுக்குச் செல்லும் வெட்டிய புல்வெளியில்) தேங்கிய தண்ணீர் பெனால்டி ஏரியா அல்ல. குளம் நிரம்பிக் கோட்டைத் தாண்டி வழிந்த தண்ணீரும் அப்படியே. அங்கே தண்டனையே இல்லாமல், தண்ணீர் தடுக்காத மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து, குழிக்கு அருகில் போகாமல், ஒரு கிளப் நீளத்துக்குள் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இதை அறியாமல் வீணாக ஒரு ஸ்ட்ரோக் எழுதிக்கொள்பவர்கள் உண்டு.

பந்து தண்ணீருக்குள்தான் போயிற்று என்பது ஏறத்தாழ உறுதியாக, அதாவது குறைந்தது 95 விழுக்காடு, தெரிந்தால் மட்டுமே மேலே சொன்ன வழிகள் எல்லாம். கரையில் உயரமான புல் மண்டி, யாரும் தெறித்ததைப் பார்க்கவில்லை என்றால், "தண்ணீரில்தான் இருக்கும்" என்று தீர்மானிக்க முடியாது. மூன்று நிமிடம் தேடிக் கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து, முன்பு அடித்த இடத்துக்கே போக வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்த, சந்தேகம் இருக்கும்போதே, "புரொவிஷனல் (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்துதான் ஆட்டப் பந்து, முதல் பந்து கரையில் பத்திரமாகக் கிடந்தாலும் பயனில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உதகமண்டலம்