கோஷாவின் கோபம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த கதையைப் படித்துச் சிரித்தேன். இங்கே எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. சப்டைட்டில் படிக்க வேறென்ன வேண்டும்? மாஸ்கோவின் மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோ தன் பழைய ரஷ்யப் படங்களை யூடியூபிலேயே போட்டு வைத்திருக்கிறது. மத்தியானப் பொழுது அதில்தான் போகிறது.

ரஷ்யப் படமென்றால் ஒரு பெண்ணுக்காக இரண்டு பேர் துப்பாக்கி தூக்கி நிற்கிற கதைதானே என்று கேட்டிருந்தாய். அதெல்லாம் ஜார் காலத்தோடு சரி. ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ பார். மென்ஷோவ் எடுத்தது, 1980இல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. 1958இல் காத்யா தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கிற பெண். தோழி பேச்சைக் கேட்டு, பேராசிரியர் மகள் என்று பொய் சொல்லி டிவி கேமராமேன் ருடால்ஃபுடன் பழகுகிறாள். ஒருநாள் அவன் குழு படம் பிடிக்க அவளுடைய தொழிற்சாலைக்கே வந்து நிற்கிறது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு நழுவுகிறான்.

இருபது வருஷம் கழித்து அவள் பெரிய ஆலைக்கு டைரக்டர். மின்ரயிலில் கோஷாவைச் சந்திக்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் கருவி பொருத்துகிற மெக்கானிக், கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால் பெண்டாட்டி சம்பளம் தன்னைவிடக் கூடினால் ஆகாது அவனுக்கு. அவளும் பதவியை மறைக்கிறாள். அதைப் போட்டு உடைக்க யார் வருகிறான் தெரியுமா? அதே ருடால்ஃப்! கோஷா எழுந்து போய்விடுகிறான்.

முதல் ஆள் அவள் வேலையில் சின்னவள் என்று போனான், இரண்டாவது ஆள் பதவியில் பெரியவள் என்று போனான். அந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் போட்டியே இல்லையடி. இருவருக்கும் போட்டி அவள் பார்க்கிற உத்தியோகம்தான். சோவியத் தொழிலாளர் ராஜ்ஜியத்தில் இப்படி ஒரு கதை!

எனக்குக் கோபம் என்னவென்றால், படம் கோஷாவை மன்னித்துவிடுகிறது. குடித்துக் கிடந்தவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர, அவன் உட்கார்ந்து சூப் குடிக்கிறான், அவள் கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோஷாவாக அலெக்ஸெய் பதாலோவ் அவ்வளவு அழகாக நடித்திருப்பதால் நாமும் மயங்கிவிடுகிறோம்.

வேடிக்கை கேள். அவருடைய பெரியப்பா நிகொலாய் பதாலோவ் 1927இல் ஆப்ரம் ரூம் எடுத்த மௌனப் படத்தில் கணவனாக நடித்தார். ‘கட்டிலும் சோபாவும்’ என்று வெளிநாடுகளில் பெயர். மாஸ்கோவில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. போர்க்காலத் தோழன் ஒருவனைக் கணவன் தங்கள் ஒற்றை அறையின் சோபாவில் படுக்க வைக்கிறான். கணவன் வேலையாக வெளியூர் போன நேரத்தில் தோழன் கட்டிலுக்கு மாறுகிறான். திரும்பி வந்த கணவனுக்குச் சோபா! கட்டிலுக்கு வந்ததும் தோழனும் அதே அதிகாரம், அதே அலட்சியம். மனைவி லுத்மிலா கர்ப்பமானதும் கலைத்துவிடு என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை. அங்கே அப்போது அது சட்டப்படி நடக்கிற காரியம். அவள் மருத்துவமனை வரை போய்விட்டு, மனசு மாறி, சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயிலேறிவிடுகிறாள். இருவரில் எவனையும் அவள் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தத் துணிச்சல் காத்யாவுக்குக் கொடுக்கப்படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் காத்யா படத்தைப் பார். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கோஷாவைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது.

அன்புடன்,
கமலா