நடுவர் தனியாக நிற்கிறார்

ஆசிரியருக்கு,

பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டக் கபடிப் போட்டிகளில் பெற்றோர் நடுவர்களை முற்றுகையிடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே நடுவர்களாக நிற்கிறார்கள். பாடிச் செல்பவருக்குரிய 30 வினாடிகளில் கால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டியதா, விரல் யார் மேல் பட்டது, 'கபடி' என்னும் ஓசை நின்றதா என்பதையெல்லாம் அவர்கள் வெறும் கண்ணாலும் காதாலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. புரோ கபடியில் உள்ள காணொளி மறுபரிசீலனை பள்ளி மைதானத்தில் ஏது?

என் மகள் ஆடிய ஆட்டமொன்றில் சுண்ணாம்புக் கோடு அழிந்து கூச்சல் எழுந்தபோது, நடுவர் மண்டியிட்டுத் தம் கையாலேயே அதை மீண்டும் வரைந்தார். கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் பெற்றோருக்கு விதிகளை விளக்கவும், நடுவரிடம் முறையிடும் உரிமையை அணித் தலைவருக்கு மட்டும் அளிக்கவும் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிடலாம்.