இரண்டாம் நாள் ராத்திரி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீ பிறந்தபோது என்ன நடந்தது என்று உன் டாக்டர் கேட்டதாகப் போனில் சொன்னாய். எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி உனக்கு அது வேண்டாம்.

1998இல் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பிறந்ததும் அழுதாய், பால் குடித்தாய், ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், உன் வலது கை மட்டும் துடித்தது. தாளம் போடுகிற மாதிரி ஒரே சீராக, வெட்டி வெட்டி. இடது கை சும்மா கிடந்தது. ராத்திரி டியூட்டி நர்ஸ், "குளிர்ல நடுங்குது, நல்லா சுத்திப் படுக்க வைங்க" என்றார். அப்பத்தா, பிள்ளை பயந்திருக்கு என்று விபூதி பூசினார். நான் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தேன். என் பிடிக்குள்ளேயே அது துடித்துக்கொண்டிருந்தது.

வெறும் நடுக்கமென்றால் பிடித்ததும் நின்றுவிடும், வலிப்பென்றால் நிற்காது. காலையில் வந்த குழந்தை டாக்டர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அதற்குள் மூன்று முறை வந்துவிட்டது. சர்க்கரையும் கால்சியமும் பார்த்தார்கள், சரியாக இருந்தன. வலிப்பை அடக்கும் ஃபினோபார்பிட்டோன் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். வலது கையை ஆட்டிவைக்கிற மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்று அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம். "எங்கய்யாவுக்கு வந்ததே, அதுவா?" என்று உங்கப்பா இரண்டு தடவை கேட்டார். அதேதான். பெரியவர்களுக்கு வாய் கோணும், கை விழும். பிறந்த குழந்தையிடம் அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, பெரும்பாலும் வலிப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

காலையில் டாக்டர் வரும்வரை போன அந்த ஆறு மணி நேரம்தான் எனக்கு இன்றும் உறுத்தல். கத்தி ஊரைக் கூட்டியிருக்க வேண்டாமா? மதுரை டாக்டரிடம் கேட்டேன். வலிப்பு வரும் முன்னாடியே அடைத்து முடிந்துவிட்டது, பச்சைக்குழந்தைக்கு அடைப்பைக் கரைக்கிற மருந்தும் கொடுப்பதில்லை, வலிப்பைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம், அவ்வளவுதான் என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஏன் வந்தது? நஞ்சுக்கொடியில் உறைந்த ரத்தத் துணுக்கு, பிறந்த குழந்தையின் இதயத்தில் மூடாமலிருக்கும் சின்ன வழியாக மூளைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். 'போயிருக்கலாம்'தான், உறுதியில்லை. பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லையாம். கிரகணத்தன்று நான் வெளியே போனதால் என்று பெரியம்மா சொன்னதை நீயும் கேட்டிருப்பாய், விட்டுத்தள்ளு.

அப்புறம் ஐந்தாம் மாதம், கிலுகிலுப்பையை எப்போதும் இடது கையாலேயே பிடுங்கினாய். வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தது. இடதுகைக்காரி என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயதுக்குள் பிள்ளை ஒரு கையையே தேடினால் மற்றக் கைக்கு முடியாமல் இருக்கலாம் என்று பிசியோதெரபி செய்த அம்மாதான் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் உன் இடது கையில் காலுறையை மாட்டி, முன்னால் இட்லித் துண்டை வைப்பேன். பசியில் கதறுவாய். வலது கையால் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக நாலு வயதானது. கல்யாணப் பந்தியில் "பீச்சாங்கையால சாப்பிடுறா பாரு" என்றவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் பிள்ளைக்கும் வருமா என்பதுதானே நீ கேட்காமல் விட்ட கேள்வி? 3,000, 4,000 பிரசவத்தில் ஒன்றுக்கு வருவது இது. பரம்பரையாக வருவது அபூர்வம். டாக்டரிடம் மறைக்காமல் சொல், ரத்தம் உறைவதற்கான டெஸ்ட் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். பிள்ளையின் கை துடித்தால் மாப்பிள்ளையைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடு. வளர்ந்த பிள்ளைக்கும் வலிப்புக்கு அப்புறம் ஒரு பக்கம் துவண்டு கிடந்தால், அசதி என்று யார் சொன்னாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதே.

டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் வலிப்பு 'ஒரு முறை' என்று போட்டிருக்கும். அடித்துவிட்டு மூன்று என்று எழுதிக்கொள்.

அம்மா