‘மட்டுமே’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர் மின்னழுத்தக் கம்பி தலையில் உரசிக் கீழே விழுந்த தொழிலாளியைப் பற்றிய தங்கள் செய்தி, “உச்சந்தலையில் லேசான தீக்காயம் மட்டுமே” என்று முடிந்திருந்தது. மருத்துவர்களே சில வாரங்கள் பொறுத்துச் சொல்லும் முடிவைத் தங்கள் நிருபர் மறுநாள் காலைக்குள் எட்டிவிட்ட திறமையை வியக்கிறேன்.

முன்பு இதேபோன்ற விபத்தில் நான் விழுந்தபோது, என்னைத் தூக்கியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தலையில் இருந்தது கட்டைவிரல் நகமளவு கருகல். 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தோலில் சிறு தடம் மட்டும் விட்டு, உள்ளே தசையையும் எலும்பையும் வேகவைத்துவிடும் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அன்றிரவே சிறுநீர் கறுத்தது. சிதைந்த தசையிலிருந்து கசிந்த நிறமி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாதிருக்க, விடிய விடிய டிரிப்ஸ் ஏற்றி, மணிக்கொரு முறை சிறுநீரை அளந்தார்கள். இதயத் துடிப்பு தடம் மாறுகிறதா என்று ஒரு கண், விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்று மறு கண். மூன்றாம் வாரம் கருகிய தோல் கழன்று மண்டையோடு தெரிந்தது. செத்த எலும்பின் வழியே கிருமி மூளையுறையை எட்டிவிடக் கூடாதென்று, முதுகிலிருந்து தசையை எடுத்து, ரத்தக் குழாய்களைத் தலையில் இணைத்து மூடினார்கள். பத்து மாதம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோது, இரு கண்களிலும் புரை விழுந்தது. தெரிந்தவர்களின் பெயர்கள் இன்னும் நாவில் வர மறுக்கின்றன.

இவற்றை முன்பே தங்களுக்கு எழுதினேன். இடமின்மையால் கண்புரை பற்றிய பத்தியை நீக்கினீர்கள். அதே பக்கத்தில் ஒரு நடிகரின் முடிமாற்று சிகிச்சைக்கு அரைப்பக்கம் இருந்தது. வேறொரு நாள் தங்கள் மருத்துவப் பகுதி, மின்சாரம் தாக்கியவரை உலர்ந்த கட்டையால் தள்ளிவிடச் சொன்னது. வீட்டு மின்சாரத்துக்குச் சொல்லும் அந்த யோசனையை நம்பி உயர் அழுத்தக் கம்பியை நெருங்குபவர், இணைப்பு துண்டிக்கப்படும் முன் தாமும் விழுவார். அதற்கு இன்றுவரை மறுப்பு வரவில்லை.

நான் கேட்பது இரண்டே வரிகள். அந்த “மட்டுமே”யைத் திரும்பப் பெற்று, காயம் ஆறியதாகத் தோன்றினாலும் அந்தத் தொழிலாளியின் கண்களைச் சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும் என்று வெளியிடுங்கள். அவர் வீட்டார் தங்கள் இதழை வாசிப்பவர்களாக இருக்கலாம்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்