இரண்டாவது செட்டைப் பற்றி நான் கேட்கவில்லை

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்குக் கண் சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். நீ டென்னிஸில் குவார்ட்டர் ஃபைனல் போனதை அப்பா இஸ்திரிக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். 2 புள்ளி. துனிசியாவில், மொனாஸ்டிரின் கடல் காற்றில், ஹார்ட் கோர்ட்டில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் எடுத்த 2 ராங்கிங் புள்ளி. எனக்கும் பெருமைதான், இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் ஜெயித்த பிள்ளை போனை எடுப்பான். "ஓகே மா" என்று இரண்டு சொல் அனுப்ப மாட்டான்.

6-3, 1-6, 6-2. நடு செட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தொலைத்த மூன்று சர்வீஸ் கேமில் இரண்டில் மூன்று மூன்று டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறிச் சும்மா கொடுத்த பாயின்ட், என்று லைவ் ஸ்கோர் காட்டியது. பந்து நெட்டில் விழுந்ததா, கோட்டைத் தாண்டிப் போனதா என்று அது காட்டாது. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

தாண்டிப் போயிருந்தால் ஸ்டிரிங்கைப் பார். பாலியஸ்டர் கட்டி இறக்கிய முதல் நாளே இறுக்கம் விட ஆரம்பிக்கும். நைலான் என்றால் அறுந்து போய்த் தன் கதையை முடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் அறாமலே செத்துப்போகும். பார்க்க முழுசாக இருக்கும், பந்து மட்டும் நீ நினைத்ததைவிட ஒரு முழம் தள்ளி விழும். அங்கே என்ன மெஷினில் கட்டுகிறார்கள் என்று கேட்டாயா? கையால் சுற்றுகிற மெஷின் இழுத்த இடத்தில் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு ஸ்டிரிங் நீள்வதைக் கண்டுகொள்ளாது. மின்சார மெஷின் கிளாம்ப் போடும் வரை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் 52 பவுண்டு என்று வைத்தாலும் கையில் இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசம் தெரியும். கிலோவில் கேட்டால் 23.6 என்று சொல். ஒவ்வொரு ரேக்கெட்டின் கழுத்திலும் சின்ன டேப் ஒட்டித் தேதியும் பவுண்டும் எழுது என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. முதல் செட்டை ஒரு ரேக்கெட்டிலும் அடுத்ததைப் பழைய ஸ்டிரிங் ரேக்கெட்டிலும் ஆடினால் 6-3 ஒரே மூச்சில் 1-6 ஆவதில் ஆச்சரியமே இல்லை.

ரீல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? 200 மீட்டரில் 12 மீட்டராக வெட்டினால் 16 ரேக்கெட் தேறும், 11 ஆக வெட்டினால் 18. உன் 98 சதுர அங்குலத் தலைக்கு 11 போதும். ஆனால் உன் ரேக்கெட்டைப் பழகாத ஆள் கட்டினால் கடைசிக் குறுக்கு இழையை மெஷின் பிடிக்க நீளம் பற்றாமல் மொத்த ஸ்டிரிங்கும் வீணாகும். அங்கே 12 ஆகவே வெட்டச் சொல். இரண்டு ரேக்கெட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மேட்ச்சை விடாதே.

நெட்டில் விழுந்திருந்தால் அது ஸ்டிரிங் இல்லை, கால். களைத்த கால் முட்டியை மடக்காது, அடிக்கும் இடம் ஒரு சாண் கீழே இறங்கும், சர்வுக்குப் பந்தை எறியும் டாஸ் தானாக முன்னால் சரியும். எதிர்க்காற்றில் டாஸைத் தாழ்த்து, ஆனால் மடக்குவதைக் குறைக்காதே. செகண்ட் சர்வில் கையைத் தயங்கித் தயங்கி இழுத்தால் சுழற்சி போய்விடும், வேகமும் வராது. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொடை இழுத்துப் பிடித்திருந்தாலும் சொல். அதற்கு மெடிக்கல் டைம்-அவுட் கிடையாது. பக்கம் மாறும் சேஞ்ச்-ஓவரில் 90 நொடி, செட் முடிந்தால் 120 நொடி, அதற்குள் பிசியோ வந்து பார்ப்பதோடு சரி. நிற்கவே முடியாவிட்டால் பாயின்ட்டையோ கேமையோ விட்டுக்கொடுத்துவிட்டு சேஞ்ச்-ஓவருக்குப் போக விதி அனுமதிக்கிறது. அப்படி விட்டாய் என்றால் அது அம்பயரின் பதிவில் இருக்கும். இருந்தால் எனக்கு நிம்மதி. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றுக்கு முழு ஒரு லிட்டர் தண்ணீர், அரை லிட்டரில் கரைத்து அவசரமாகக் குடிக்காதே. மேட்ச் அன்று காலையிலேயே ஆரம்பி, இழுத்த பிறகு குடித்துப் பயனில்லை.

நீ அனுப்பிய ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்து சேர்ந்தது. வளையல் விஷயத்தை உன்னிடம் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், அவளைத் திட்டியும் ஆயிற்று. வளையல் என்னுடையது, அடகு வைப்பது என் இஷ்டம். நீ அதைத் தூக்கிச் சுமந்துகொண்டு கோர்ட்டில் இறங்க வேண்டியதில்லை.

கணக்கு நோட்டில் அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? நீ ஆடும் அடிமட்டப் போட்டியான எம்15-இல் முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், அடுத்த சுற்றுக்கு 258, குவார்ட்டருக்கு 438. உன் மூன்று வாரமும் சேர்த்து 852, அதுவும் அவர்கள் வரி பிடிப்பதற்கு முன்னால். ரூபாயில் ஒரு லட்சத்தைத் தொடாது. அதிலிருந்துதான் ஹோட்டல், ஸ்டிரிங் கட்டும் கூலி, சாப்பாடு எல்லாம். டபுள்ஸில் முதல் சுற்றோடு திரும்பியதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சிங்கிள்ஸ் பட்டமே வென்றாலும் 2,160 டாலர்தான். நான் எப்படிக் கூட்டினாலும் வருகிற தொகை, வந்த தொகையைத் தொடவில்லை.

ஜெர்மனியில் கோடை லீக் ஆட ஏதாவது கிளப் முன்பணம் கொடுத்திருந்தால் சந்தோஷம். உன் ராங்கிங்கில் இருக்கிற பையன்கள் பலருக்கு வருஷச் செலவு அந்த கிளப் மேட்ச்சில்தான் ஓடுகிறது. அப்படி என்றால் ஒப்பந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு, நோட்டில் எழுதிவிடுகிறேன். நண்பனிடம் கடன் வாங்கியிருந்தால் பெயரைச் சொல், திருப்பிவிடலாம். அதுவரை அந்தப் பணத்தை நான் தொடவில்லை. வட்டிக்கும் கட்டவில்லை. தனியாகக் கிடக்கிறது, அனுப்பிய கணக்குக்கே ஒரே நாளில் திருப்பலாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் கோர்ட்டைச் சுற்றி பத்துப் பேர்கூட உட்காராத மேட்ச்சுக்கும் ஒவ்வொரு பாயின்ட்டையும் சேர் அம்பயர் கையிலிருக்கும் கருவியில் தட்டுகிறார். நான் இங்கே அடுப்படியில் பார்ப்பது அதைத்தான். அதே தரவு விற்பனைக்கும் போகிறது, உலகம் முழுக்கப் பந்தயம் கட்டுகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தான். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் இந்த அடிமட்டப் போட்டிகளின் நேரடி ஸ்கோரை விற்க ஆரம்பித்தது 2012-இல். ஆடம் லூயிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையிலான விசாரணைக் குழு 2018-இல் கொடுத்த அறிக்கை, சூதாட்டக் கேடு இந்த மட்டத்தில் பெருகியதற்கு அந்த விற்பனையையும் ஒரு காரணமாகச் சொன்னது. செலவுக்கும் வரவுக்கும் சரிக்கட்டுகிற அளவு சம்பாதிப்பவர்கள் மேலே இருக்கும் 250, 350 பேர்தான் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அவர்கள் கேட்ட ஏறத்தாழ 3,200 ஆட்டக்காரர்களில் 464 பேர், மேட்ச் விற்கப்படுவது தங்களுக்கு நேரடியாகவே தெரியும் என்றார்கள். ஆகவே இதில் யார் கதவைத் தட்டினாலும் அது தட்டப்பட்டவன் குற்றம் இல்லை.

தட்டுகிறவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரமாட்டான். பெரும்பாலும் பழைய ஆட்டக்காரனாக இருப்பான், இல்லை நீ கூடச் சாப்பிடும் பையனாகவே இருப்பான். இன்ஸ்டாகிராமில் நல்வாழ்த்து சொல்லி ஆரம்பிப்பான். மேட்ச்சைத் தோற்கச் சொல்லவும் மாட்டான். "மேட்ச்சை நீயே ஜெயித்துக்கொள், ஒரு செட் மட்டும்" என்பான். அல்லது ஒரு சர்வீஸ் கேம். புள்ளியும் உனக்கு, பரிசும் உனக்கு, யாருக்கு நஷ்டம் என்று கேட்பான். ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை அவன் கேட்கமாட்டான், பழைய மெசேஜைப் படம் எடுத்து அனுப்புவான். பெல்ஜியத்தில் 2023-இல் ஐந்து வருஷத் தண்டனை வாங்கினானே கிரிகோர் சர்க்சியான், அவன் வலையில் 180-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் உன்னைப் போல அடிமட்டத்தில், அறை வாடகைக்குக் கணக்குப் பார்த்தவர்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. பலர் மாட்டுவது அங்கேதான். ஒருவன் வந்து கேட்டதை, டென்னிஸில் சூதாட்டக் கேட்டை விசாரிக்கும் அமைப்பான ஐடிஐஏ-வுக்கு உடனே சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன் என்பது போதாது, அவர்களுக்கே போக வேண்டும். அவர்கள் செயலியிலும் சொல்லலாம், மின்னஞ்சலிலும் சொல்லலாம். மெசேஜை அழிக்காதே, எண்ணை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடு. விசாரணைக்கு வந்தால் போனைக் கேட்பார்கள், கொடுக்க மறுப்பதும் குற்றம்தான். பந்தய கம்பெனிகள் சந்தேகப்பட்டு அனுப்பும் அலர்ட் மட்டுமே ஆதாரம் ஆகாது, ஆனால் அவர்கள் தேட ஆரம்பிப்பது அங்கிருந்துதான். உச்ச தண்டனை வாழ்நாள் தடை, அதோடு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். தானாக முன்வந்து உதவுகிறவனுக்குத் தண்டனையைக் குறைக்கவும் விதியில் இடம் இருக்கிறது. அதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தோள் வலிக்கிறது என்று நம் கசின்ஸ் க்ரூப்பில் போடுவதையும் நிறுத்து. வெளியே தெரியாத காயத்தைச் சொல்வது உள்தகவல் கொடுத்ததாகிவிடும். அந்த க்ரூப்பில் யார் யார் செயலியில் பந்தயம் கட்டுகிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொன்று. உன் அம்மா என்று என் கழுத்திலும் அக்ரெடிடேஷன் அட்டை தொங்கியிருக்கிறது. அட்டை வாங்கிய பெற்றோரும் அதே விதிக்குள் வருகிறோம். எனக்குத் தெரிந்தால் நானும் சொல்லியாக வேண்டும். போனில் நான் சுற்றி வளைத்துப் பேசுவது ஏன் என்று இப்போது புரியும். சொல்ல ஏதாவது இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல், அப்புறம் எனக்கு. இந்த வரிசையை மாற்றாதே. ஒன்றுமே இல்லை என்றால் சிரித்துவிட்டு ஸ்டிரிங் பற்றி எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீயும் கோபித்துக்கொள்ளாதே.

காசில்லை என்று வெளியே சொல்வதில் என்ன இருக்கிறது? சுமித் நாகல் 2023 செப்டம்பரில் பேங்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று பேட்டியிலேயே சொன்னார். அப்போது இந்தியாவின் முதல் இடத்தில் இருந்தவர். நாலு மாதம் கழித்து ஆஸ்திரேலியன் ஓபனில் கஜகஸ்தானின் பூப்லிக்கை வீழ்த்தினார், அடுத்த மாதம் நம் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் வென்று முதல் நூறுக்குள் போனார். உனக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்காமலும் போகும். அப்படிப் போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது, அப்பா வாங்கிய சைக்கிளை மட்டும் அதில் நிறுத்தியிருக்கிறார்.

கிளம்பும்போது கையில் தினார் வைத்திருக்காதே, நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். மாற்றிய ரசீதுகளைப் பத்திரமாக வை. பரிசுப் பணத்தில் வரி பிடித்ததற்கான சான்றிதழை ஒவ்வொரு வாரமும் கையோடு வாங்கு. அது இல்லாமல் அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்க முடியாது, கேட்காவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி. ஆடிட்டர் போன வருஷத்துக் காகிதத்தையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த என்ட்ரிக்குக் கடைசி நேரம் வியாழன் 14:00 ஜிஎம்டி, நமக்கு இரவு 7:30. மொனாஸ்டிரையும் போட்டிருக்கிறேன், அதே வாரம் இந்தியாவில் நடக்கும், ஒரு படி மேலான எம்25-ஐயும் போட்டிருக்கிறேன். எது முதல் விருப்பம் என்ற வரிசை எண் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. எம்25-இல் உன் ராங்கிங்குக்கு குவாலிஃபையிங்தான் கிடைக்கும், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயின்ட் டைபிரேக், உனக்கு அது பிடிக்காது. ஆனாலும் அதை ஒன்றாவதாகப் போட எனக்கு ஆசை. பிறகு மனம் மாறினால் விலக அதற்கடுத்த செவ்வாய் வரை நேரம் உண்டு, அதே 7:30. வியாழன் மதியத்துக்குள் கூப்பிட்டுச் சொல். மெசேஜ் வேண்டாம்.

அம்மா