பொது வார்டுகளில் குடிநோயாளிகளின் முதல் 5 நாள் சிகிச்சை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் போதை மீட்புச் சிகிச்சையில் பணியாற்றும் மனநலச் செவிலியர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், மருத்துவச் சமூகப் பணியாளர்கள்

பெறுநர்:
முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

பொருள்: அரசு மருத்துவமனைப் பொது வார்டுகளில் சேரும் குடிநோயாளிகளுக்கு முதல் 5 நாள் சிகிச்சை நடைமுறை வகுத்து ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2025 பிப்ரவரியில் அரசு 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் தொடங்கியதை மனமார வரவேற்கிறோம். ஆனால் குடிநோயாளிகளில் மிகப் பலர் அந்த வாசலுக்கு வருவதே இல்லை. கால் முறிந்து எலும்பு முறிவு வார்டுக்கும், கணைய அழற்சியோடு அறுவைச் சிகிச்சை வார்டுக்கும், ரத்த வாந்தியோடு அவசரப் பிரிவுக்கும் வருகிறார்கள். படுக்கையில் சேர்ந்த நேரத்திலிருந்து சரக்கு கிடைக்காது. எனவே குடி தானாக நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்புக்கு மிக ஆபத்தான காலம் அதுதான். 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்களை நாம் சந்திக்கக்கூடிய இடம் இந்தப் பொது வார்டுகள்தான்.

கோளாறு முதல் கேள்வியிலேயே தொடங்குகிறது. கேஸ் ஷீட்டில் “குடிப்பழக்கம் உண்டு” என்று எழுதுவதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு குடியை நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா, பினாத்தல் இருந்ததா என்ற நான்கையும் சேர்க்கும்போதே கேட்டு எழுத வேண்டும். கூட வந்தவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

அளவைப் பதிவதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. குடியின் பாதிப்பைக் கண்டறியும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். அதில் ‘ஒரு டிரிங்க்’ என்பது 10 கிராம் ஆல்கஹால். நோயாளி “ஒரு குவார்ட்டர்தான் சார்” என்கிறார். தாளில் ஒன்று என்று ஏறிவிடுகிறது. 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதில் உள்ள ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம், அதாவது 6 டிரிங்க். தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் முதல் மூன்று கேள்விகளிலேயே 4, 2, 4 என 10 மதிப்பெண் பெற வேண்டும். தவறாகப் பதிந்தால் அவருக்குக் கிடைப்பது 4. எச்சரிக்கை வரம்பு 8 என்பதால் அவர் பாதிப்பில்லாதவர் கணக்கில் போய்விடுகிறார். வினாத்தாளைக் குவார்ட்டர், ஆஃப், பீர் பாட்டில் கணக்கில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டுகிறோம். 8 சதவீதமுள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரிலும் 4 டிரிங்க் இருக்கிறது என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

குடி நின்று 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் வரும். ஃபிட்ஸ் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை டெலிரியம்: ஆள், இடம், நேரம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். எலும்பு முறிவு வார்டில் மூன்றாம் இரவு ஒருவர் மாவுக்கட்டோடு எழுந்து ஓடப் பார்த்தால், கையைக் காலைக் கட்டிலோடு கட்டி, மனக்கிளர்ச்சியை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி மட்டும் போட்டுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. அந்த ஊசி மட்டும் போட்டால் ஃபிட்ஸ் வரும் வாய்ப்பு கூடும், குடி திடீரென நின்றதால் வந்த விலகல் நோய் தணியாது. அதே நேரம், குடிகாரர் என்பதாலேயே எல்லாக் குழப்பத்தையும் மதுவின் மேல் போட்டுவிடவும் கூடாது. தலைக்காயம், சர்க்கரைக் குறைவு, கல்லீரல் செயலிழப்பு, கிருமித் தொற்று ஆகியவற்றையும் உடனே பார்த்துவிட வேண்டும்.

விலகல் நோயின் தீவிரத்தை அளக்க ‘சீவா’ அளவுகோல் இருக்கிறது: 10 கூறுகள், அதிகபட்சம் 67. பழகிய செவிலியருக்கு 5 நிமிடம் போதும். மதிப்பெண் பார்த்து அவ்வப்போது மருந்து கொடுப்பதுதான் சிறந்தது என்று நூல்கள் சொல்லும். ஆனால் இரவுப் பணியில் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் இடத்தில் அது நடக்காது. மதிப்பெண் எடுக்காத இரவில் மருந்தும் நின்றுவிடும். ஆகவே பொது வார்டுக்கு நேரம் குறித்த மருந்து முறையே பொருந்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மிதமான பாதிப்புக்கு, நடுக்கத்தையும் படபடப்பையும் தணிக்கும் குளோர்டயஸெபாக்சைடு 25 மி.கி. நான்கு வேளை எனத் தொடங்கி, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். பாதிப்பு கடுமையானால் மருத்துவர் அளவைக் கூட்ட வேண்டும். மஞ்சள் காமாலை, சிர்ரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதே வகையைச் சேர்ந்த லோரஸெபாம் தர வேண்டும். குளோர்டயஸெபாக்சைடு அவர்கள் உடலில் தேங்கி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். அடுத்த வேளைக்கு முன் நோயாளி எழுப்பினால் விழிக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். லோரஸெபாம் ஊசியை மனநலப் பிரிவில் மட்டும் வைத்திருந்தால் இரவு 2 மணிக்கு யாருக்கும் பயன்படாது. எலும்பு முறிவு, அறுவை, பொது மருத்துவ வார்டு ஒவ்வொன்றிலும் அது இருப்பில் இருக்க ஆணையிட வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் அதிகம் தவறவிடப்படுவதும் தயமின். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவரிடம் இந்த பி1 வைட்டமின் வற்றியிருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி வெர்னிக்கே மூளை பாதிப்பு வரலாம்: கண் அசைவு கோணும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். மூன்றும் ஒன்றாக வரும் வரை காத்திருந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை இதற்கு ஈடாகாது. குடிநோயாளியின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. தயமின் ஊசி 100 மி.கி. முதலில், குளுக்கோஸ் அதன் பின் என்பது விதியாக வேண்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாகத் தரலாம், குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது. வெர்னிக்கே சந்தேகம் வந்தாலே 200 முதல் 500 மி.கி. வரை நாளுக்கு மூன்று முறை நரம்பு வழியே தர வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தயமின் ஊசியை இருப்புக் குறையக் கூடாத மருந்தாக வைத்து, வட்ட மருத்துவமனை வரை வழங்க வேண்டுகிறோம்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு சிகிச்சை முடிந்துவிடுவதையும் மாற்ற வேண்டும். எலும்பு கூடியவர் வீடு திரும்பும் வழியிலேயே கடை இருக்கிறது. குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் நாளுக்கு 50 மி.கி., அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டு மாத்திரைகள் மூன்று வேளை என மருந்துகள் உள்ளன. முன்னதற்குக் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். வலிக்காக டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்து எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் கடும் விலகல் துன்பம் வரும். எலும்பு முறிவு நோயாளிகளிடம் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். குறைந்தது 6 மாதம் தொடர வேண்டிய இந்த மாத்திரைகளுக்காகத் தினக்கூலிக்காரர் மாவட்டத் தலைநகருக்கு வந்து போக முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போவதுபோல், நோயாளி சம்மதித்தால், இவையும் மாதாமாதம் போய்ச் சேர வழி செய்ய வேண்டும்.

குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். இதைக் கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் தவிப்பு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் விவரம் அறியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதய நோயுள்ளவர் இறந்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தடுக்க வேண்டும். “அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்” என்ற விளம்பரங்கள் மீதும் நடவடிக்கை வேண்டும்.

மது தவிர இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓபியாய்டு வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு உள்நோயாளிச் சிகிச்சை முடிந்த வாரங்களே ஆபத்தானவை. உடலின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும். பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். அவசரப் பிரிவிலும் 108 வண்டியிலும் அந்த மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோன் ஊசி எப்போதும் இருக்கட்டும்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அரசிடம் சிகிச்சை பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அதன் அடிப்படையில், மேற்கண்டவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு வார்டு தோறும் செவிலியர் மேசையருகே ஒட்டவும், பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி அளிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிக்கான பாடக் குறிப்பைத் தயாரித்துத் தரவும், விடுமுறை நாட்களில் வந்து வகுப்பெடுக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட பணியாளர்கள்
மதுரை

இணைப்பு: குவார்ட்டர் கணக்கில் அமைத்த ஆடிட் வினாத்தாள் மாதிரி, முதல் 5 நாள் கண்காணிப்புத் தாள் மாதிரி.

நகல்: இயக்குநர், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி; இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.