கணக்கு நோட்டில் ஒரு வரி

யாங்கூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி மாதம் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எனக்கு மூட்டுவலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, கரண்ட் மட்டும் இருப்பதில்லை. சரி, நலம் விசாரிப்பு முடிந்தது.

நான் ஒரு கட்டுரை எழுதினேன். சிரிக்காதே. கோயில் கும்பாபிஷேக மலருக்கு 'பர்மாவில் தமிழ்' என்று நாலு பக்கம் கேட்டார்கள். செந்தமிழ், கடல் கடந்த தமிழன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டேன். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1937ல் இதே ஊரில் 'ஜோதி' பத்திரிகையை ஆரம்பித்தது, ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு 1942ல் மனைவியோடு நடந்தே இந்தியா போனது, எல்லாம் இருந்தது. பேத்தியை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி முதல் பத்தியை முடித்தவள், "தாத்தா, இது கோயில் மைக்கில் பேசுகிறவர் எழுதினதா?" என்று பர்மியில் கேட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய பெட்டியைக் குடைந்தபோது அப்பாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. சிவப்புத் துணி பைண்டு. பின் அட்டையில் நீ வரைந்த மீசைக்காரர் இன்னும் இருக்கிறார். அது யார் என்று இப்போதாவது ஒத்துக்கொள். 1964 மார்ச் பக்கத்தில் அரிசி, பயறு, எண்ணெய், யார் யார் பாக்கி என்று போய்க்கொண்டிருந்த கணக்கு பாதியில் நிற்கிறது. அடியில் பென்சிலில் ஒரு வரி: "சாவி கொடுத்தாச்சு. தராசுக்கு ரசீது தரவில்லை."

அவ்வளவுதான். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்றார்கள். அப்பா ஒருநாளும் வாய்விட்டுப் புலம்பி நான் கேட்டதில்லை. கடையே போன அன்றைக்கு மனுஷன் தராசை நினைத்திருக்கிறார், பார். என் நாலு பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சர்மா நடந்த தூரத்தைக்கூட எனக்குக் கால் வலிக்காமல் எழுதியிருந்தேன்.

கிழித்துப் போட்டுவிட்டுத் தராசிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் நீங்கள் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் உன் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அதிகாரியிடம் கொடுத்தது. அப்புறம் இன்றைய பிள்ளைகள் தேவாரத்தைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவது. அந்த எழுத்து இல்லாவிட்டால் பாட்டும் போயிருக்கும் என்று எழுதினேன். ஒரே ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சம், இந்த வயதில் கை வலித்தது தெரியவே இல்லையடா.

மலர்க்குழுவிலிருந்து நேற்றுத் திரும்பி வந்தது. சங்கிலியை எடுத்துவிடுங்கள், பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்கிறார்கள். பிள்ளைகுட்டியோடு இங்கேயே வாழ்கிறவர்கள், பயப்படுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பர்மிய எழுத்து விஷயத்தையும் எடுக்க வேண்டுமாம், தமிழுக்குக் கேவலமாம். அங்கேதான் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பிள்ளை பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்களே, அப்போது எந்த எழுத்து என்று தெரிந்ததா?" என்று கேட்டேன். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுத்து இருக்கும், இல்லாவிட்டால் கட்டுரையே இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரிக்கு என் மேல் வருத்தம்.

சங்கிலி வேறு. அது உன் அம்மாவுடையது. நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், அவர்கள் சொன்னதற்காக எடுக்க மாட்டேன். இன்னொன்று: அந்த அதிகாரி அதைத் தகரப் பெட்டியில் போட்டார் என்று ஒருமுறை சொன்னாய், மேசை டிராயரில் என்று இன்னொருமுறை. எது சரி? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடிதம் கொண்டுவரும் பையன் வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறான். பதிலை அவனிடமே கொடுத்தனுப்பு. உங்கள் வியாசர்பாடி அத்தோ நூடுல்ஸ் எதையும் கட்டிக் கொடுத்துவிடாதே. அந்த ஆரஞ்சு கலரை இங்கே யாரும் அத்தோ என்று ஒப்புக்கொள்வதில்லை.

உன்,
சுப்பையா